ஆறாவது சுருள்

அண்ணன் அந்தப் பழைய மோட்டார் சைக்கிளில் விளக்குக்குக் கரண்ட் தரும் ஆல்டர்னேட்டரைப் பிரித்துப் போட்டு மூன்று நாளாகிறது. நாளைக் காலை தங்கை அந்த வண்டியில்தான் புது வேலைக்காக வேற்றூர் கிளம்புகிறாள். கருகிப்போன ஆறு சுருள்களையும் அறுத்தெறிந்துவிட்டு, புதுச் செம்புக் கம்பியை அவனே கையால் சுற்றிக்கொண்டிருந்தான்.

எண்ணிக்கை தவறக் கூடாதென்று வாய்விட்டு எண்ணுவான். நடுவில் யார் பேசினாலும் பதில் சொல்லமாட்டான். அது தெரிந்துதான் கடைசிச் சுருளின்போது அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“நான் போறதுல உனக்குக் கோவமா அண்ணா?”

“நாப்பத்தொண்ணு, நாப்பத்திரெண்டு...”

“மூணு நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கியே.”

“நாப்பத்து மூணு!” என்று கத்தினான்.

சாயங்காலம் எல்லாவற்றையும் பூட்டி உதைத்தார்கள். எஞ்சின் கிளம்பியது, ஆனால் விளக்கு அழுது வடிந்தது. மறுபடி திறந்து பார்த்தான். ஒரே கம்பியில் ஒரு சுருளை இடமாகவும் அடுத்ததை வலமாகவும் சுற்ற வேண்டியதில், கடைசிச் சுருளை ஐந்தாவதின் திசையிலேயே சுற்றித் தொலைத்திருந்தான். அது பக்கத்துச் சுருளின் கரண்டையும் தின்றுகொண்டிருந்தது.

“எண்ணிக்கையெல்லாம் சரியாத்தான் இருக்கு,” என்றான்.

“கோவம் இல்லேன்னா கை எப்படித் தப்பாத் திரும்புச்சு?”

“கோவம் இல்ல கழுத, பயம். நீ போற வழியில ராத்திரி விளக்கு அணைஞ்சுட்டா யார் இருக்கா?”

அவன் கடைசிச் சுருளைப் பிரிக்கப் பிரிக்க அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இந்த முறை எண்ணுகிற வேலை அவளுடையது. அவன் பேசிக்கொண்டே சுற்றினான். விளக்கு பளிச்சென்று எரிந்த பிறகும் பேச்சை நிறுத்தவில்லை.