தூரமோ?

என் கணவர் ஜெயதீபன் வெளிக்கிடும் நேரத்தில் "எங்கை போறியள்?" என்று மட்டும் யாரும் கேட்டுவிடக்கூடாது. வங்கியில் பெரிய வேலை, கிரகணத்தன்று வேண்டுமென்றே சோறு தின்கிற ஆள், இராகுகாலம் பார்ப்பவர்களைக் கண்டால் சிரிப்பார். ஆனால் செருப்பைப் போட்ட பிறகு இந்த ஒரு கேள்வி காதில் விழுந்தால் முகம் கறுத்துவிடும். செருப்பைக் கழற்றுவார், உள்ளே வந்து ஒரு மிடறு தண்ணீர் குடிப்பார், கதிரையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் மறுபடி படலையைத் திறப்பார். எங்கள் பக்கத்து வழக்கப்படி "தூரமோ?" என்று கேட்கலாம். "இல்லை, கிட்டத்தான்" என்பார். அந்தக் கிட்ட என்பது சந்திக் கடையாகவும் இருக்கும், கொழும்பாகவும் இருக்கும். கலியாணம் கட்டிய புதிதில் சண்டை பிடித்துப் பார்த்தேன். பிறகு எனக்கும் பழகிப் போய்விட்டது.

பறவைகளைப் படம் எடுக்கும் பைத்தியம் அவருக்குப் பிந்தித்தான் பிடித்தது. எங்கள் ஊரான உடுவிலில் மற்றக் குடும்பங்கள் விடுமுறைக்குக் கோயில், கலியாண வீடு என்று போக, நாங்கள் கூடாரத்தையும் காஸ் அடுப்பையும் காரில் ஏற்றிக்கொண்டு, நெல்லியடியில் பேக்கரிப் பாணும் பழமும் வாங்கி, வடமராட்சி கிழக்குக்குப் போவோம். எனக்கு மணலில் படுத்தால் இடுப்பும் நாரியும் நோகும். மகள் மதுராவுக்கு அது சொர்க்கம். பதின்மூன்று வயது. தகப்பன் போகிற இடமெல்லாம், தகப்பன் குனிந்தால் குனிந்து, தகப்பன் மூச்சை அடக்கினால் தானும் அடக்கிக்கொண்டு திரிவாள். தன் பழைய சின்னக் கமராவை அவளுக்குக் கொடுத்திருந்தார்.

தைப்பொங்கல் விடுமுறையில் அந்தப் பக்கத்து நாகர்கோவில் களப்புக்குப் போயிருந்தோம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆழமில்லாத உப்பு நீர்க் களப்பு, நடுவில் மணல் மேடுகள். விடியும் நேரம் பூநாரைகள் என்றைக்கும் இல்லாதபடி கரைக்குக் கிட்ட வந்து மேய்ந்துகொண்டிருந்தன. அவர் பெரிய லென்ஸைப் பூட்டிக்கொண்டு கூடாரத்தை விட்டுக் காலை வைத்தார். நித்திரைக் கலக்கத்தில் மதுரா கேட்டுவிட்டாள்.

"எங்கை அப்பா போறியள்?"

மனுசன் திரும்பி வந்து தண்ணீர் குடித்தார், இருந்தார். பிறகு போய்ச் சேர்ந்தபோது கூட்டம் எழும்பி நடுக் களப்புக்குப் போய்விட்டது. அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் திருப்பிப் போட்டிருப்பேன், விசயம் அன்றோடு முடிந்திருக்கும். உடுவில் வரும் வரைக்கும் பிள்ளையோடு கதைக்கவில்லை. காரை நிறுத்தும்போது மட்டும், "எல்லாம் உன்ரை வாயாலை வந்தது" என்றார். மதுரா அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரையும் எதுவும் கேட்டதில்லை. பெரிய பிள்ளையாகிவிட்டாள், அடக்கம் வந்துவிட்டது என்று நான் நினைத்தேன். எனக்கு எங்கே போனது புத்தி?

மாசியில் மறுபடி போனோம். செல்வரட்ணம் என்ற கடற்றொழிலாளி தன் வாடிக்குப் பின்னால் கூடாரம் அடிக்க இடம் தருவார். வாடி என்றால் கரையில் வலை, படகுச் சாமான் வைக்கிற கொட்டில். பின்னேரம் மணல் மேடுகளைத் தாண்டிக் களப்புக் கரை வரை நடந்தோம். தகப்பன் வழமைபோலப் பாடம் எடுத்தார். சிவப்புச் சட்டை போடக்கூடாது, காற்றுக்கு எதிரே நடக்க வேண்டும், வாய் திறக்கவே கூடாது. "ஒரு பறவை வெருண்டால் முழுக்கூட்டமும் போயிடும், கவனம்." மதுரா ஓம் ஓம் என்று தலையாட்டினாள். இரவு வானம் முழுக்க முகில். நாளைக்கு வெளிச்சம் இராது, பிந்தி ஆறுதலாய் எழும்புவோம் என்று சொல்லிவிட்டு அவர் படுத்துவிட்டார்.

நான் எழும்பியபோது முகில் கலைந்து, கடல் பக்கம் நல்ல சூரியன். அவர் வெளியே தேத்தண்ணிக்குக் கொதிநீர் வைத்துக்கொண்டிருந்தார். மதுராவின் படுக்கை வெறுமையாகக் கிடந்தது.

"பிள்ளை எங்கை?"

"போட்டு வாறன் எண்டிட்டுப் போனவள். இருட்டுக்கை."

"எங்கை போனவள்?"

அவர் கேத்திலைப் பார்த்தபடி நின்றார். "தூரமோ எண்டு கேட்டனான். இல்லை, கிட்டத்தான் எண்டவள். ஒண்டுக்குப் பத்தைப் பக்கம் போறாளாக்கும் எண்டு நினைச்சன். அப்பிடியே கண் அயர்ந்திட்டன்."

கமராப் பையைத் திறந்து பார்த்தேன். பெரிய லென்ஸ் பூட்டிய கமராவைக் காணோம்.

"ஐயோ, என்ரை லென்ஸ்" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்காக அவரை அந்த இடத்திலேயே அறைந்திருப்பேன். "லென்ஸோ? லென்ஸோ உங்களுக்கு?" என்று கத்தினேன். அப்போதுதான் அவர் முகத்தில் இரத்தம் வற்றியது.

இரண்டு பேரும் கூப்பிட்டுக்கொண்டு ஓடினோம். மணலில் இரவுக் காற்று எல்லாத் தடத்தையும் அழித்து வைத்திருந்தது. கடல் பக்கமா, களப்பா, தெற்கே சவுக்குத் தோப்பா? சண்டைக் காலத்தில் அந்த மண்ணுக்குள் எதை எதைப் புதைத்தார்கள் என்று எங்கள் வயதுக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மிதிவெடி எல்லாம் எடுத்தாயிற்று என்று பலகை நட்டிருக்கிறார்கள். விளையாட வரும்போது பலகையை நம்பலாம், பிள்ளையைக் காணவில்லை என்றால் எந்தப் பலகையையும் நம்ப முடியாது. காலை எடுத்து வைக்கும் இடமெல்லாம் அவள் பெயரைச் சொன்னேன்.

சத்தம் கேட்டுச் செல்வரட்ணம் வந்தார். "எங்கை போறன் எண்டு சொன்னவளோ, தம்பி?"

"நான் கேக்கேல்லை, அண்ணை."

செல்வரட்ணம் அவரைக் குறை சொல்லவில்லை. "ஓம், வெளிக்கிடேக்கை ஆர்தான் கேக்கிறது? எங்கடை வீட்டிலையும் கேக்கிறேல்லை. ஆனால் நாங்கள் கடலை விட்டால் வேறை எங்கை போறது?" என்றார். பிறகு கரையோரம் பார்க்கிறேன் என்று தெற்கே நடந்தார்.

எனக்குத் தை மாதத்து நினைவு அப்போதுதான் வந்தது. அவருடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அன்றைக்குக் கூட்டம் மேய்ந்த இடத்துக்கு ஓடினேன். மேட்டில் ஏறியதும் கண் கூசியது. அப்படியொரு பூநாரைக் கூட்டத்தை நான் பார்த்ததில்லை. கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி, வரிசை வரிசையாக, தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்தபடி, ஒரு பதற்றமும் இல்லாமல் மேய்ந்துகொண்டிருந்தன.

அவர் நின்றுவிட்டார். "இஞ்சை இல்லை, சுபா. கலையேல்லைப் பார். ஆள் ஒண்டு கிட்டப் போயிருந்தால் உதுகள் உப்பிடி நிண்டு மேயாது. வா, தோப்புப் பக்கம் பாப்பம்."

சொன்னது நியாயம்தான். பறவை தெரிந்த மனுசனின் நியாயம். அவர் திரும்பி நடக்கத் தொடங்கினார், நானும் இரண்டு அடி நடந்தேன். ஆனால் என் பிள்ளையைக் காணாத நேரத்தில் அதுகள் ஒன்றும் நடக்காததுபோல இரை தின்றுகொண்டிருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் வெறும் ஆத்திரம்தான். திரும்பி நின்று, தொண்டை கிழிய, "மதுரா!" என்று கத்தினேன்.

அவர் கை தானாக உயர்ந்தது. "சத்தம் போடா..." என்று தொடங்கி, பாதியில் வாயை மூடினார்.

முழுக்கூட்டமும் ஒரே நேரத்தில் எழும்பியது. செட்டைச் சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. அதுகள் போன பிறகு, நின்ற இடத்துக்கு அப்பால், கண்டல் பத்தைக்குப் பக்கத்தில், இரண்டு கைகள் தெரிந்தன. கைகளில் கமரா. அதற்குக் கீழே என் பிள்ளையின் தலை. இடுப்புக்கு மேல் வரை சேற்றுக்குள் நின்றாள்.

அவர் சப்பாத்தோடு இறங்கி ஓடி, முழங்கால் வரை புதைந்து விழுந்தார். நான் கத்திய கத்தலில் செல்வரட்ணம் வாடிக் கதவைப் பிடுங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். கதவைச் சேற்றில் போட்டு, அதன்மேல் வயிற்றால் ஊர்ந்துதான் என் மனுசன் மகளிடம் போனார். கையை நீட்டினார். அவள் தன் கையைக் கொடுக்கவில்லை. கமராவைத்தான் கொடுத்தாள்.

"முதல் இதைப் பிடியுங்கோ அப்பா. நனையேல்லை."

இரண்டு பேருமாகக் கக்கத்தில் பிடித்து இழுத்து எடுக்க நெடுநேரம் பிடித்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. கை இரண்டும் மடங்க மாட்டாமல் விறைத்துப் போயிருந்தன. என் சேலையால் துடைத்துத் துடைத்து அழுதேன்.

"ஏன் பிள்ளை ஒரு சத்தம் போடேல்லை? நாங்கள் கூப்பிட்டது கேக்கேல்லையோ?"

"கேட்டது அம்மா." பல் கிட்டியபடி சொன்னாள். "நான் ஆடாமல் நிக்க அதுகள் மேஞ்சு மேஞ்சு எனக்கு முன்னாலை வந்திட்டுதுகள். கத்தினால் எல்லாம் போயிடும். அண்டைக்கும் என்னாலைதானே போனது."

பிறகு தகப்பனைப் பார்த்தாள். "இப்ப அம்மா கத்தித்தான் போனது அப்பா. நான் வாய் திறக்கேல்லை."

அவர் அந்தச் சேற்றிலேயே இருந்துவிட்டார். செல்வரட்ணம் கதவைத் தோளில் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

அவள் எடுத்த படங்கள் நல்ல படங்கள்தான். நான் ஒருநாள் எடுத்துப் பார்த்தேன். கடைசிப் படங்களில் பூநாரைகளின் கால்கள் மட்டும் நெடுக நெடுகத் தெரிந்தன, அவள் அவ்வளவு கீழே போயிருந்தாள். அவர் இன்றுவரை அந்தப் படங்களைப் பார்க்கவில்லை. கமராப் பை அலுமாரிக்கு மேலே கிடக்கிறது.

போன கிழமை ஒரு பின்னேரம் பாண் வாங்க வெளிக்கிட்டார். செருப்பைப் போட்டு, படலை வரை போய், போகாமல் நின்றார். நான் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன்.

"மதுரா, அப்பா வெளியிலை போறன்" என்றார்.

அவள் புத்தகத்தோடு வாசலுக்கு வந்தாள். அவர் படலையைப் பிடித்தபடி அவள் முகத்தையே பார்த்தார். என்ன கேட்கச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கியது. அவளுக்கும் விளங்கியிருக்கும். என்னை ஒரு தரம் பார்த்தாள்.

"கேளன் பிள்ளை" என்றார். கெஞ்சுவதுபோல இருந்தது.

அவள் நிலத்தைப் பார்த்தபடி, மெல்ல, "தூரமோ, அப்பா?" என்றாள்.

அவர் படலையைச் சாத்தினார். திரும்பி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போய்க் கதிரையில் இருந்தார். தண்ணீர் குடிக்கவில்லை. அன்றைக்குப் பாண் வாங்க நான்தான் போனேன். சைக்கிளை எடுத்து, "போட்டு வாறன்" என்று இரண்டு பேருக்கும் கேட்கச் சத்தமாய்ச் சொல்லி, கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.