ஒரே ஆணியில் இரண்டு டோக்கன்

ஊரார் தொலைப்பதையெல்லாம் எடுத்துப் பத்திரப்படுத்துகிறவள், கட்டின புருஷனைத் தொலைத்துவிட்டு வந்து நின்றால் தெரு சும்மா இருக்குமா? இருக்கவில்லை. ஆனால் தெருவில் சுற்றிய கதையில் முக்கால்வாசி, கப்பலைக் காலண்டரில் மட்டும் பார்த்தவர்கள் கட்டியது. நடந்தது வேறு.

பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுண்டரைத் தாண்டி, கழிப்பறைக்கு முன்னால் ஒரு ஜன்னல். பயணிகள் விட்டுப்போகும் குடை, சாப்பாட்டுப் பை, ஒற்றைச் செருப்பு, ஒரு தடவை முழுசாக ஒரு பல்செட், எல்லாம் அங்கேதான் வந்து சேரும். அத்தனைக்கும் டோக்கன் கட்டி அலமாரியில் ஏற்றுவது அவள் உத்தியோகம். தெருவில் டோக்கன் அக்கா என்றால்தான் தெரியும். அந்த ஜன்னலில் உட்கார்ந்து உட்கார்ந்து அவளுக்கு ஒரு விஷயம் அத்துப்படி: பொருள் வேண்டும் என்கிறவன், கதவு திறப்பதற்கு முன்னாலேயே வந்து நிற்பான். ஆற அமர வருகிறேன் என்கிறவன் வரவே மாட்டான்.

வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். சொல்லிக்கொடுக்கிற காரில் வாத்தியார் காலடியிலும் ஒரு பிரேக் இருக்குமே, அதிலேயே கால் வைத்துப் பழகி, வீட்டு சோஃபாவில் சாய்ந்தால்கூட அவர் பாதம் எதையோ அழுத்திக்கொண்டேயிருக்கும். பெயர் பிரேக் சார். அந்த மனிதர் பிரேக்கிலிருந்து காலை எடுத்தது, கப்பல் பயணத்துக்குப் புதுப் பெட்டி வாங்கி வந்த அன்றைக்குத்தான்.

"ஸ்கூல் மாடியில ஒரு ரூம் சும்மா கிடக்குல்ல, அங்க போயிடலாம்னு இருக்கேன்."

"ஏன், வெள்ளை அடிக்கணுமா?"

"தங்குறதுக்கு. தனியா."

அக்கா பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள்.

"யாருங்க அவ?"

"எவளும் இல்லடி."

அது உண்மை. எதிர்வீட்டு பியூட்டி பார்லர்க்காரி பிற்பாடு தன் வாடிக்கைக்காரிகள் அத்தனை பேர் புருவத்தையும் திருத்திக்கொண்டே துருவிப் பார்த்துவிட்டாள். ஒருத்தியும் அகப்படவில்லை. ஒருத்தி இருந்திருந்தால் அக்காவுக்கும் திட்ட ஆள் கிடைத்திருக்கும், தெருவுக்கும் பொழுது போயிருக்கும்.

"பின்ன என்னதான் குறை உங்களுக்கு?"

"மூச்சு முட்டுது. என் போன் உன் பையில. என் மாத்திரை உன் பையில. மூக்கு சிந்துற கைக்குட்டைகூட உன் பையில. நான் எங்க போய் நின்னாலும் தேடிப் பிடிச்சு எடுத்து வெச்சிடுறே. ஒரு நாளாவது தொலைஞ்சு போனா தேவலாம்னு இருக்கு."

கல்யாண நாளுக்காக அவளே ஆசை ஆசையாய்ப் பதிவு செய்த பயணம் அது. ஆற்றோடு இறங்கி, பழைய நகரங்களைப் பார்த்து, கடலில் திரும்பி, கரையோரத் துறைமுகங்களைத் தொட்டு வருவது. கடைசி நாள் சாயங்காலம் கல்யாண நாள் என்று சொல்லி, கேக்குக்குக்கூட ஏற்பாடு செய்திருந்தாள். மகளிடம் சொல்லவில்லை, சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும். அதற்குப் பதில் தாங்களே ஏறிவிடலாம் என்று முடிவு கட்டினாள்.

"வாங்க. வந்து ஊரைப் பாருங்க. கடைசித் துறைமுகத்துல இறங்கும்போது உங்க முடிவைச் சொல்லுங்க. அதுவரைக்கும் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது."

"சரி" என்றார். அந்தச் சரியைத்தான் அவள் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டாள். பார்லர்க்காரியும் தன் மாமியாரைக் கூட்டிக்கொண்டு அதே கப்பலில் ஏறினாள். தற்செயல்தான் என்று, யாரும் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னாள்.

கப்பலில் ஒரு சட்டம். வரவேற்பு மேஜைக்குப் பின்னால் பெரிய பலகை, அறைக்கு ஒரு ஆணி, ஆணிக்கு இரண்டு பித்தளை டோக்கன். கரைக்கு இறங்குகிறவர் தன் டோக்கனை எடுத்துக்கொண்டு போகவேண்டும். திரும்பி வந்ததும் மாட்டவேண்டும். பலகை நிறைந்தால் எல்லாரும் வந்தாயிற்று என்று கணக்கு. கப்பல் கிளம்பிவிடும்.

"அவங்கவங்க டோக்கன், அவங்கவங்க கையில" என்று வரவேற்பில் இருந்த பெண் முதல் நாளே சொன்னாள்.

டோக்கனைப் பற்றி இவளுக்கே பாடமா? "இவர்கிட்ட குடுத்தா ஆத்துல போட்டுட்டு வந்து நிப்பார்மா" என்று சிரித்தபடி இரண்டையும் எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். பிரேக் சாரின் கால் தரையை அழுத்தியது.

நகரங்கள் வந்தன. மதில் சுவர் வைத்த நகரம், மணிக்கூண்டு வைத்த நகரம், பாலத்தின் மேலேயே கடைகள் கட்டிய நகரம். வழிகாட்டி ஒருத்தி மஞ்சள் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் போவாள், பின்னால் எல்லாரும் வாத்துக் கூட்டம்போலப் போவார்கள். எந்த ராஜா எந்தச் சுவரைக் கட்டினான் என்பதெல்லாம் அக்காவின் காதில் ஏறவில்லை. அவள் பார்த்த சரித்திரச் சின்னம் ஒன்றுதான், அது இரண்டடி முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தது.

சில துறைகளில் இடம் போதாமல் கப்பல்களை ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கட்டிவிடுவார்கள். ஜன்னல் திரையை விலக்கினால் ஆறு இருக்காது, அடுத்த கப்பலின் அறை இருக்கும். ஒரு நாள் அப்படித் திறந்தபோது, கை எட்டும் தூரத்தில் ஒரு வயசான ஜோடி சீட்டாடிக்கொண்டிருந்தது. கிழவி ஏமாற்றினாள், கிழவர் தெரிந்தும் தோற்றார். அக்கா வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, "அடுத்தவங்க வீட்டை என்னடி பாக்குறே" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. குரலில் சிரிப்பு இருந்தது. சிரிப்பு இருந்தது என்பதை அவள் இரண்டு நகரங்களுக்கு வைத்து ஓட்டினாள்.

கோட்டைப் படிக்கட்டில் ஒரு தடவை முழங்கையைப் பிடித்துத் தாங்கினார். "என் ஸ்டூடன்ட் ஒருத்தன் இருக்கான், இந்தப் படியிலயும் காரை ஏத்திடுவான்" என்றார். அவள் தேவைக்கு மேலேயே சிரித்தாள். அறைக்கு வந்தால் கட்டிலின் மேல் துண்டை மடித்து இரண்டு அன்னம் செய்து, மூக்கோடு மூக்கு முட்ட வைத்திருப்பார்கள். ராத்திரி அவர் தன் பக்கத்து அன்னத்தை உதறித் துண்டாக்கி முகம் துடைத்துக்கொள்வார். அவளுடையது அப்படியே நாற்காலிக்குப் போகும்.

ஆறு கடலில் சேருகிற ஊரில் அவள் மூக்குக்கண்ணாடியின் காது ஒடிந்தது.

"குடு. கடைத்தெருவுல சரி பண்ணிட்டு வரேன்."

"குடையோட போகலையா நீங்க?"

"நீங்க எல்லாம் போங்க. நான் தனியா கொஞ்சம் நடக்கிறேன்."

தனியா என்ற சொல் சுருக்கென்றது. ஆனால் கண்ணாடி யாருடையது? அவளுடையது. விட்டுப் போகிற மனுஷன் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு வருவானா? அந்த ஊர்க் கோட்டைப் படி ஏறும்போதெல்லாம் இதையே மென்றாள். கண்ணாடியில்லாமல் ஊர் முழுக்கத் தண்ணீர் தெளித்த கோலம்போலக் கலங்கித் தெரிந்தது. அதுவும் அழகாகத்தான் இருந்தது.

திரும்பி வந்து வரவேற்பு மேஜை முன்னால் நின்றபோது, பார்லர்க்காரிக்கு வெகு நாளாக நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்த கேள்வி வெளியே வந்தது.

"அக்கா, தப்பா நினைக்காதே. ரெண்டு பேரும் ஒரே கட்டில்லதானே படுக்கிறீங்க?"

"ஏண்டி, கட்டிலுக்கு அடியில வந்து படுத்துப் பாக்கிறதுதானே!"

"சும்மா கேட்டேன். அண்ணன் மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கே."

"அவர் மூஞ்சி பொறந்ததுலேருந்தே அப்படித்தான். எனக்கு வாக்கப்பட்டதால இல்ல."

வாய் இதைச் சொல்லிக்கொண்டிருந்தது. கை பைக்குள் போய் டோக்கன்களை எடுத்து ஆணியில் மாட்டியது. தினம் மாட்டுவதுபோல. இரண்டையும்.

கப்பல் ஊதியது. அறைக்குப் போனாள். இரண்டு அன்னம் மூக்கு முட்டிக்கொண்டிருந்தன. குளியலறைக் கதவைத் தட்டினாள். சாப்பாட்டுக் கூடத்தில் பார்த்தாள். மேல்தளத்துக்கு ஏறும்போதுதான் கை செய்த காரியம் மண்டைக்கு ஏறியது. படியிலேயே உட்காரப் போனவள், கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். கரை விலகிக்கொண்டிருந்தது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு சாம்பல் நிறக் கோடு.

பார்லர்க்காரி கைப்பிடியில் சாய்ந்து நின்றாள். "அக்கா... அங்க நிக்கிறது அண்ணன் மாதிரி இல்ல?"

"எங்க? எனக்குத் தெரியலடி! ஓடி வராரா?"

"இல்ல. நிக்கிறார்."

"கை ஆட்டுறாரா? கூப்பிடுறாரா?"

"கையில என்னவோ வெச்சிருக்கார். சின்னதா. ஆட்டலை."

"முகம்? முகம் எப்படிடி இருக்கு?"

நாலு தெரு தள்ளி நடக்கும் சண்டையின் காரணத்தையே முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடியவள், முதல் தடவையாகத் தடுமாறினாள். "இவ்வளவு தூரத்துல முகம் எப்படிக்கா தெரியும்?"

வரவேற்புப் பெண் பலகையைக் காட்டினாள். ஆணியில் இரண்டு டோக்கனும் பளபளவென்று தொங்கின. முகத்துவாரத்து மணல்திட்டைக் கடல் நீர் ஏறுகிற நேரத்தில்தான் தாண்ட முடியும், இனித் திரும்ப வழியில்லை என்றாள். "பயப்படாதீங்கம்மா. கடல்லதான் சுத்து. ரோட்டுல ரொம்பப் பக்கம். அடுத்த துறைமுகத்துக்கு நமக்கு முன்னாடியே வந்து நிப்பார். போன் பண்ணிப் பாருங்களேன்."

போன் அவள் பையில் இருந்தது. மாத்திரையும். கைக்குட்டையும்.

மறுநாள் காலை, ஏணி போடுவதற்கு முன்னாலேயே கைப்பிடியோரம் நின்றுவிட்டாள். சீவி முடித்து, அவருக்குப் பிடித்த நீலப் புடவை கட்டியிருந்தாள். "திட்டுவார்டி. கன்னாபின்னான்னு திட்டுவார். திட்டட்டும்" என்று பார்லர்க்காரியிடம் சொன்னாள். ஏணி இறங்கியது. எல்லாரும் இறங்கிப் போனார்கள். குடை போயிற்று, வாத்துக் கூட்டம் போயிற்று. கடைசியில் துறைமுக அலுவலகத்துக் குமாஸ்தா ஒருவர் காகிதப் பொட்டலத்தோடு ஏறி வந்து, அவள் அறை எண்ணைச் சொல்லி விசாரித்தார்.

பொட்டலத்தில் மூக்குக்கண்ணாடி. ஒடிந்த காதுக்குப் பதில் புதுசு. நிறம்கூடப் பொருந்தியிருந்தது.

"இதைக் குடுத்தவர் எங்கங்க?"

"நேத்து சாயங்காலமே வந்துட்டாரும்மா. எங்க வாசல் பெஞ்சுல ரொம்ப நேரம் உக்காந்திருந்தார். இதைக் குடுத்துட்டு பஸ் ஏறிட்டார்."

"கோவமா இருந்தாரா?"

குமாஸ்தா நல்ல மனுஷன். பொய் சொல்லத் தெரியாத நல்ல மனுஷன். "கோவமா? சேச்சே. டீ வாங்கிக் குடிச்சார். செருப்பைக் கழட்டிப் போட்டுட்டுக் காலை நீட்டிக்கிட்டார். கப்பலை விட்டுட்டீங்களே, கவலையா இல்லையான்னு கேட்டேன். 'ஏறத்தான் வந்தேன், அதுக்குள்ள போயிடுச்சு. நின்னு பாத்தேன், நல்லா மூச்சு வந்துது'ன்னு சிரிச்சார்."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னார். கடைசித் துறைமுகம் வரைக்கும் காத்திருக்க வேணாமாம்."

ஏறத்தான் வந்திருக்கிறார். அதை அவள் குமாஸ்தா போன பிறகும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். மலைச்சரிவில் அடுக்கடுக்காக வெள்ளை வீடுகள், ஒவ்வொரு ஜன்னலிலும் உலர்கிற துணி, படிக்கட்டு, படகுகள், அந்தப் பெஞ்சு. எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. கழற்றிப் பைக்குள் வைத்தாள்.

வரவேற்புப் பெண் தயங்கித் தயங்கி, "அவர் டோக்கனை எடுத்துடட்டுமாம்மா?" என்றாள்.

"இருக்கட்டும்."

"இல்லம்மா, கணக்கு..."

"எங்க ஆபீஸ்ல ஒரு வருஷம் வெச்சிருப்போம். அதுக்கு முன்னாடி தொட மாட்டோம்."

"ஒரு வருஷம் கழிச்சு?"

"ஏலம்" என்றாள் அக்கா.

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பதா கூடாதா என்று தெரியவில்லை. டோக்கனை விட்டுவிட்டாள்.

பார்லர்க்காரி அன்றிலிருந்து ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை. அவளே வாயடைத்துப் போனால் விஷயம் முடிந்தது என்று அர்த்தம்.

கடைசி நாள் சாயங்காலம், சாப்பாட்டுக் கூடத்தில் திடீரென்று விளக்கைத் தணித்தார்கள். சமையல்கட்டுக்கு யாரும் தகவல் சொல்லியிருக்கவில்லை. அவர்களுக்குப் பலகைதான் கணக்கு, பலகையில் இரண்டு பேரும் இருந்தார்கள். வெள்ளைத் தொப்பிகள் வரிசையாக, மெழுகுவத்தி ஏற்றிய கேக்கோடு பாடிக்கொண்டு வந்து அவள் மேஜையைச் சூழ்ந்தன. கூடம் முழுக்கக் கை தட்டியது. இரண்டு தட்டு, இரண்டு முள்கரண்டி.

"சார் எங்கம்மா?" என்றார் தலைமைச் சமையல்காரர்.

பார்லர்க்காரி எழுந்துவிட்டாள். வாயைத் திறந்தாள்.

"படுத்திருக்கார்" என்றாள் அக்கா. "காத்து ஒத்துக்கலை."

மெழுகுவத்தியை ஊதினாள். ஒரே மூச்சில் அணையவில்லை, மறுபடி ஊதவேண்டியிருந்தது. கேக்கை வெட்டி இரண்டு தட்டிலும் வைத்தாள். தன்னுடையதைத் தொடவில்லை. மற்றதை மட்டும் காகிதக் கைக்குட்டையில் வைத்து, நாலு மூலையையும் மடித்து, பைக்குள்ளிருந்து நூல் எடுத்துக் கட்டினாள். ஜன்னலில் உட்கார்ந்து கட்டுவாளே, அதே இரட்டை முடிச்சு.

"எதுக்குக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள் பார்லர்க்காரி.

"யாராவது கேட்டு வந்தா குடுக்கணும்ல."

சொல்லிவிட்டு அக்கா நூலின் மிச்சத்தைப் பல்லால் கடித்து அறுத்தாள். வெளியே கடைசித் துறைமுகத்தின் விளக்குகள் நெருங்கிக்கொண்டிருந்தன. அவள் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளவில்லை.