டிசம்பர் இருபத்தொன்பதில் பிறந்த கேப்டன்

எங்கள் மாநிலத்துச் சட்டம் இந்த விஷயத்தில் மிகவும் தெளிவானது. 1972 ஜனவரி ஒன்றிலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் எஞ்சின் படகு ஓட்ட வேண்டுமென்றால் எட்டு மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்து, அறுபது கேள்விகளுக்குப் பதில் எழுதி, ஓர் அட்டை வாங்க வேண்டும். அதற்கு முன்னால் பிறந்தவர்களுக்கு அதெல்லாம் வேண்டாம். அவர்கள் படகோட்டத் தெரிந்தே பிறந்தவர்கள் என்று தலைநகரத்தில் யாரோ முடிவு செய்திருக்கிறார்கள்.

லைல் ஸ்டோக்கே பிறந்தது 1971 டிசம்பர் 29. அவன் மனைவி கேரின் அவனைவிட ஏழு வாரம் இளையவள், பிப்ரவரியில் பிறந்தவள். ஆகவே சட்டத்தின் கண்ணில் லைல் பிறவிக் கப்பலோட்டி. கேரின் தண்ணீருக்கு ஓர் ஆபத்து.

நான் பெவ் ஆஸ்ட்பி. முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவள். ஹாலோரன் ஏரியில் இவர்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. ஊர்க் கூட்ட அரங்கில் அந்த எட்டு மணி நேர வகுப்பை ஒன்பது வருடமாகச் சம்பளமில்லாமல் நடத்துகிறேன். லைல் படகு ஓட்டும் அழகை என் சமையலறை ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். ஒரே கோடையில் என் படகுத்துறையை இரண்டு முறை இடித்தான். இரண்டு முறையும் துறை தப்பான இடத்தில் இருப்பதாகச் சொன்னான்.

போன வசந்தத்தில் அவன் புதுப் பான்டூன் வாங்கினான். இரண்டு அலுமினியக் குழாய்களின் மேல் ஒரு வரவேற்பறையைத் தூக்கி வைத்தது மாதிரி இருக்குமே, அந்தப் படகு. சோபா, குடை, பானம் வைக்கப் பதினாறு குழிகள். கேரின் அதைப் பார்த்த மறுநாளே என் வகுப்பில் பெயர் கொடுத்தாள். ஊரில் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். எதையும் இரண்டு முறை எண்ணிப் பார்க்காமல் பையில் போட மாட்டாள்.

முதல் நாள் அவளை வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகும்போது லைல் ஜன்னலை இறக்கிக் கத்தினான்.

"வாத்தியாரம்மா! எம் பொண்டாட்டிக்கு முன் பக்கம் எது, பின் பக்கம் எதுன்னு நல்லா சொல்லிக் குடுங்க!"

"நீயும் உள்ள வாயேன் லைல். காப்பி இருக்கு."

"எனக்கு எதுக்கு? கவர்மென்டே வேண்டாம்னு எழுதி வச்சிருக்கு."

"மூணு நாள் லேட்டாப் பொறந்திருந்தா நீயும் இந்தப் பெஞ்சிலதான் உக்காந்திருப்ப."

"அதான் நான் முன்னாடியே வந்துட்டேன்!" என்று சொல்லிவிட்டு, பின்னாலிருந்த அஞ்சல் பெட்டியைப் பார்க்காமல் வண்டியைப் பின்னுக்கு எடுத்தான். பெட்டி இன்னும் கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கிறது.

கேரின் அறுபதுக்கு ஐம்பத்தெட்டு வாங்கினாள். அட்டை தபாலில் வர ஆறு வாரம் ஆகும். அதுவரைக்கும் செல்லும் என்று ஒரு தற்காலிகத் தாள் கொடுத்தேன். அதைப் பெருமையாகக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். சட்டம் அந்தத் தாளைப் படகில் வைத்திருக்கச் சொல்கிறது. ஆனால் லைல் அவளைச் சுக்கானைத் தொடவே விடவில்லை. பிறகு படகில் எதற்கு என்று அவள் விட்டுவிட்டாள். அவளிடம் நான் கண்ட ஒரே கவனக்குறைவு அதுதான்.

ஜூலை நாலு, சுதந்திர தினத்தன்று எங்கள் ஏரியில் படகு ஊர்வலம். அந்த வருடம் முதல் படகு லைலுடையது. அமெரிக்காவை ஒரு தாடிக்காரக் கிழவனாக வரைவார்களே, அந்த அங்கிள் சாம் வேஷம் போட்டிருந்தான்: முழங்கால்வரை நீலக் கோட்டு, பஞ்சுத் தாடி, ஒரு முழம் உயரத்துக்குக் கோடு போட்ட தொப்பி. படகில் பன்னிரண்டு பேருக்கு மேல் ஏறக் கூடாது என்று சுக்கானுக்குப் பக்கத்திலேயே தகடு அடித்திருக்கும். அதன்மேல் கொடியை ஒட்டியிருந்தான். ஏறியவர்கள் பதினாலு பேர். லைஃப் ஜாக்கெட் பன்னிரண்டும் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் உறையோடு சோபாவுக்கு அடியில் இருந்தன. சோபாவின் மேல் பியர்ப் பெட்டி. அதன்மேல் லைலின் மச்சான் ராண்டி. அவனை எழுப்புவது ஜாக்கெட்டின் உறையைப் பிரிப்பதைவிடக் கஷ்டம்.

எஞ்சினில் ஒரு சிவப்புக் கயிறு உண்டு. ஒரு முனையை ஓட்டுபவர் இடுப்பில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஓட்டுபவர் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு எஞ்சின் நின்றுவிடும். லைல் அந்தக் கயிற்றில் பலூன் கட்டியிருந்தான்.

நான் அவனுக்குப் பின்னால் என் சின்னப் படகில் வந்துகொண்டிருந்தேன். ஆகவே இனி சொல்வதெல்லாம் என் கண்ணால் பார்த்தது.

தேவாலயத்துக்கு எதிரே கரை முழுக்கக் கூட்டம். யாரோ கை தட்டினார்கள். போதாதா? லைல் ஓட்டுநர் நாற்காலியின் மேலேயே ஏறி நின்று, தொப்பியைக் கழற்றி, சல்யூட் அடித்தான். பக்கத்தில் போன படகின் அலை பான்டூனை லேசாக ஆட்டியது. அவ்வளவுதான். அங்கிள் சாம் கை சல்யூட்டிலேயே இருக்க, பக்கவாட்டுக் கம்பியைத் தாண்டித் தண்ணீருக்குள் போனான்.

கூட்டம் இன்னும் பலமாகக் கை தட்டியது. வேடிக்கை காட்டுகிறான் என்று நினைத்துவிட்டார்கள்.

ஓட்ட ஆளில்லாத படகு தானாகத் திரும்பி, வட்டம் போட்டு, அவன் பக்கமே வர ஆரம்பித்தது. நீலக் கோட்டு தண்ணீர் குடித்து அவனை இழுத்தது. தாடி வாயை அடைத்தது. ஒரு முறை மேலே வந்தான். இரண்டாவது முறை நெற்றி மட்டும் தெரிந்தது. நான் எண்பது அடி பின்னால் இருந்தேன்.

பான்டூனில் எல்லோரும் எழுந்து ஒரே பக்கம் ஓடினார்கள். படகு சாய்ந்தது.

"உக்காருங்க எல்லாரும்!" கேரினின் குரல். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மருந்துக் கடையிலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். "ராண்டி, குதிச்சேன்னா உன்னையும் சேர்த்து நான்தான் தூக்கணும். உக்காரு!"

நாலே எட்டில் சுக்கானுக்கு வந்து பலூனோடு அந்தச் சிவப்புக் கயிற்றைப் பிடுங்கினாள். எஞ்சின் நின்றது. தண்ணீருக்கடியில் சுழன்ற அதன் விசிறி நின்றபோது லைலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாப்பாட்டு மேசை நீளம்தான் இருந்தது. மிதவை மெத்தையை எடுத்து அவன் முகத்துக்கு நேராக எறிந்தாள். அது மூக்கில் பட்டது. வேண்டுமென்றே எறிந்தாளா என்று நான் கேட்டதில்லை.

"கோட்டைக் கழட்டு லைல்! மெத்தைய நெஞ்சுக்குக் கீழ வை! கால ஆட்டு!"

பிறகு இரண்டு பேரை வைத்து ஏணி வழியாக அவனை மேலே இழுத்தாள். சரியாக நான் சொல்லிக் கொடுத்த வரிசையில். எனக்குக் கண் கலங்கியது. வெயில் என்று சொல்லிக்கொண்டேன்.

ஏரிக் காவல் அதிகாரி நியூகோம் படகை வேகமாக ஓட்டி வந்து சேர்ந்தபோது கேரின் பான்டூனைக் கரைப் பக்கம் மெதுவாகக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். லைல் மேசை விரிப்பைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தான். நானும் பக்கத்தில் வந்துவிட்டேன்.

"என்ன ஆச்சு சார்? விழுந்துட்டீங்களா?" என்றார் நியூகோம்.

லைல் கரையைப் பார்த்தான். முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"விழறதா? தொப்பி பறந்துடுச்சு. எடுக்கக் குதிச்சேன்."

"அப்போ படகை யாரு ஓட்டினது?"

மற்ற பன்னிரண்டு பேரும் உருளைக்கிழங்கு சாலட்டை ஆராய்ந்தார்கள். கேரின் தன் கணவனைப் பார்த்தாள். நன்றாக, நேரம் எடுத்துப் பார்த்தாள். பிறகு, "நான்தான்," என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். மூடிக்கொண்டேன்.

நியூகோம் நல்ல மனுஷன்தான். ஆனால் கையில் சட்டப் புத்தகம் இருக்கிறதே. அட்டை எங்கே? குளிர்சாதனப் பெட்டியின் கதவில். எத்தனை பேர்? பதினாலு. ஜாக்கெட்? ராண்டிக்கு அடியில். மூன்று குற்றச்சீட்டுகள், மூன்றும் கேரின் பெயரில்.

"உங்க பொறந்த தேதி சார்?" என்று லைலையும் ஒரு வார்த்தை கேட்டார்.

"எழுபத்தொண்ணு, டிசம்பர் இருபத்தொன்பது."

"சரி சார். உங்களுக்கு அட்டை தேவையில்ல."

அந்த ஏரியில் அன்று படகோட்டத் தெரியும் என்று நிரூபித்தவளுக்குத் தண்டனை. நாற்காலியில் ஏறி நின்றவனுக்கு மரியாதை. சட்டம் தன் கடமையைச் செய்தது.

அடுத்த மூன்று வாரம் அந்தக் கதை தூண்டில் கடையிலும் மதுக்கடையிலும் வளர்ந்தது. முதல் வாரம் லைல் தொப்பிக்காகக் குதித்தான். இரண்டாம் வாரம் அது அவன் அப்பா பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த தொப்பி ஆயிற்று. மூன்றாம் வாரம் தலைகீழாகப் பாய்ந்தான். கேரின் எதையும் மறுக்கவில்லை. வீட்டில் அவள் பேசுவதையும் நிறுத்திவிட்டிருந்தாள். தினமும் இரவுச் சாப்பாட்டுக்கு ஒரே ட்யூனா ஹாட்டிஷ்தான், ட்யூனா மீனும் நூடுல்ஸும் போட்டு வாட்டி எடுப்பது. பதினெட்டு நாள். லைலுக்கு ட்யூனா பிடிக்காது.

ஒரு சாயங்காலம் என் துறையில் வந்து உட்கார்ந்தான்.

"அவ இன்னும் எத்தனை நாள் இப்படி இருப்பா பெவ்?"

"உனக்கு விஷயம் தெரியுமா? அவ என்கூட வகுப்பெடுக்க மனு போட்டிருந்தா. படகுக் குற்றம் ஒண்ணு பதிவானாலும் அஞ்சு வருஷத்துக்கு வாத்தியார் ஆக முடியாது."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"உங்கிட்ட சொல்ல இடம் எங்க இருக்கு? நீதான் தெனம் ஒரு தடவை தொப்பிக்குப் பின்னாடி குதிச்சுட்டிருக்கியே."

தண்ணீரில் ஒரு கல்லைப் போட்டுவிட்டு எழுந்து போனான்.

ஆகஸ்டில் மாவட்ட நீதிமன்றம். கேரினோடு நான் போயிருந்தேன். அன்று எங்கள் ஏரிக்காரர்கள் ஆறு பேர் தங்கள் சொந்தக் குற்றச்சீட்டுகளுக்காக வந்து உட்கார்ந்திருந்தார்கள். கேரின் பெயரைக் கூப்பிட்டதும் பின்வரிசையிலிருந்து லைல் எழுந்தான். கழுத்தில் டை. அவன் கல்யாணத்துக்குப் பிறகு அதை நான் பார்த்ததில்லை.

"அம்மா, அன்னைக்குப் படகை ஓட்டினது நான். இவ இல்ல."

நீதிபதி அம்மாள் கண்ணாடியை இறக்கினார். "நீங்க தொப்பிக்காகக் குதிச்சதா இதுல எழுதியிருக்கே?"

"ஆமா... இல்ல."

"குதிச்சீங்களா, விழுந்தீங்களா?"

ஆறு ஏரிக்காரர்களும் முன்னால் சாய்ந்தார்கள்.

"விழுந்தேன்," என்றான். கேட்கவில்லை என்றார் நீதிபதி. "விழுந்தேன்மா! நாற்காலி மேல ஏறி நின்னு சல்யூட் அடிச்சேன், விழுந்தேன். இவதான் என்னைக் காப்பாத்தினா. நான் பொய் சொன்னேன்."

கேரின் கைப்பையின் பட்டையைத் திருகிக்கொண்டிருந்தாள். அவள் காது சிவந்திருந்தது. தற்காலிகத் தாளைக் கொண்டுவந்து காட்டியதால் அட்டைக் குற்றம் தள்ளுபடி. மற்ற இரண்டும் லைலின் பெயருக்கு மாறின. அபராதம் போக, அவன் எந்த நூற்றாண்டில் பிறந்திருந்தாலும் சரி, பாதுகாப்பு வகுப்பை முடித்தாக வேண்டும் என்று உத்தரவு. மத்தியானச் சாப்பாட்டுக்குள் "விழுந்தேன்மா" என்பது ஏரி முழுக்கப் பரவிவிட்டது. இன்றும் அவன் மதுக்கடைக்குள் நுழைந்தால் யாராவது எழுந்து நின்று சல்யூட் அடிக்கிறார்கள்.

செப்டம்பரில் லைல் என் வகுப்பில் உட்கார்ந்தான். சுற்றிலும் பல்லுக்குக் கம்பி போட்ட பள்ளிப் பிள்ளைகள். கேரின் அன்றைக்கு என் உதவி ஆசிரியை. அவன் கை தூக்கினால் கடைசியாகத்தான் கேட்டாள். முதல் தேர்வில் தோற்றான். இரண்டாவதில் ஐம்பத்தொன்று வாங்கித் தேறினான். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அக்டோபரில் அவன் ஒரு கடிதத்தோடு வந்தான், எங்கள் பாடப் புத்தகத்தை அச்சிடும் மாநில இலாகாவின் முத்திரையோடு. இரவில் எதிரே வரும் படகை அதன் விளக்குகளை வைத்துக் கண்டுபிடிக்கும் பாடத்தில் ஒரு படம் உண்டு. அதில் சிவப்பும் பச்சையும் இடம் மாறி அச்சாகியிருக்கிறதாம். லைல் எழுதிக் கேட்டிருக்கிறான். ஆமாம், தவறுதான், அடுத்த பதிப்பில் திருத்துகிறோம், நன்றி என்று பதில் வந்திருக்கிறது.

ஒன்பது வருடம் அந்தப் படத்தைக் காட்டித்தான் நான் பாடம் நடத்தினேன்.

"பரவால்ல பெவ், எல்லாருக்கும் நடக்கறதுதான்," என்றான் லைல் மிகுந்த கருணையோடு. "உங்களுக்கு ஏதாவது சந்தேகம்னா எங்கிட்ட கேளுங்க."

அவன் போனபிறகு நான் கேரினிடம் கொதித்தேன். இந்த ஆளை ஏன் தண்ணீரிலிருந்து எடுத்தாய் என்றுகூடக் கேட்டுவிட்டேன்.

அவள் அடுத்த வகுப்புக்கான பென்சில்களை எண்ணிக்கொண்டே சிரித்தாள். "விடுங்க பெவ். அந்தத் தப்பைக் கண்டுபிடிக்க அவன் புஸ்தகத்தை மூணு தடவை படிச்சிருக்கான். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல அவன் முழுசாப் படிச்ச முதல் புஸ்தகம்."

பிறகு பென்சில்களை மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.