நடுப்பகல் எண்ணிக்கை

விடியற்காலையில் எண்ண வேண்டிய பறவைகளை உச்சிவெயிலில் எண்ண வந்தால் என்ன கிடைக்கும்? மண்ணாங்கட்டிதான் கிடைக்கும். அது மேலதிகாரிக்குத் தெரியாதா? தெரிந்துதான் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு வந்து, ஜீப்பை விட்டு இறங்காமலே சதுப்பு நிலத்தைப் பார்த்தார். பிறகு ஜன்னல் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கினார்.

"ஒண்ணையும் காணோமே. பூஜ்யம்னு எழுதிடும்மா. திங்கக்கிழமை இதை மேடாக்க மண் லாரி வந்துடும்."

பூஜ்யமா! வெளியே நின்ற பறவை எண்ணுகிறவள் கோரைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மூன்று மாதமாக இடுப்பளவு தண்ணீரில் அட்டைக்கடி பட்டு எண்ணியவள் அவள். கோரைக்குள் நாற்பத்தொரு கூடுகள். கழுத்தை நிமிர்த்திக் கோரையோடு கோரையாக முட்டை மேல் உட்கார்ந்திருக்கும் குருகுகள். ஆனால் அவள் தனியாக எண்ணியது செல்லாது. இரண்டு கையெழுத்து விழுந்த சீட்டுதான் செல்லும். அதில் பூஜ்யம் என்று போனால் அத்தனை கூடும் மண்ணுக்கடியில்.

பக்கத்தில் நின்ற டிரைவர் கிசுகிசுத்தான். "அக்கா, ஒரு கல்லை விட்டெறிங்க. எல்லாம் எழும்பிடும். அவர் மூஞ்சில அறைஞ்ச மாதிரி இருக்கும்."

கை பரபரத்தது. ஆனால் தாய் எழுந்த மறுநிமிடம் காக்கை முட்டையைக் கொத்திவிடுமே! "முட்டையைப் பலி குடுத்தா கூட்டைக் காப்பாத்தறது? சும்மா இருடா!"

"என்ன முணுமுணுப்பு?" மேலதிகாரி இடுக்கு வழியாக ஒரு சீட்டை நீட்டினார். "காலைலயே கையெழுத்துப் போட்டு வச்சிட்டேன். நிரப்பிக் குடு, பசிக்குது."

வெற்றுச் சீட்டில் கையெழுத்துப் போடுவது அந்த ஆபீசின் நெடுநாள் பழக்கம். எண்ணிக்கைக் கட்டத்தைத் தவிர மற்றதை யாரும் நிரப்புவதும் இல்லை. அவள் இன்றைக்கு எல்லாவற்றையும் நிரப்பினாள். கீழே தன் கையெழுத்தையும் போட்டுவிட்டு உரக்க வாசித்தாள்.

"எண்ணிக்கை, பூஜ்யம். நேரம், நடுப்பகல் பன்னிரண்டு. பார்த்தது, நாலு நிமிஷம். பார்த்த இடம், ஜீப்புக்குள்ள, கண்ணாடியை ஏத்திவிட்டு. பைனாகுலர், உறையிலிருந்தே எடுக்கல."

மேலதிகாரியின் முகம் செத்துப்போனது. "கிழிச்சுப் போடு அதை!"

"வரிசை எண் அச்சடிச்ச சீட்டு சார். கிழிச்சா, ஏன் கிழிச்சோம்னு ரெண்டு பேரும் எழுதிக் குடுக்கணும்."

"உன் வேலை போயிடும், தெரியுமில்ல?"

"போகட்டும். பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டிடுமா?" சீட்டை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். "இது இப்படியே மேல போகும். இல்லேன்னா மறு எண்ணிக்கைன்னு எழுதறேன். நாளைக்கு விடியக்காலைல, தண்ணிக்குள்ள, என் பக்கத்துல நின்னு எண்ணணும். சம்மதமா?"

அவள் பேனாவை மூடாமல் வைத்திருந்தாள்.

"ரப்பர் பூட்ஸ் நானே கொண்டு வரேன். என்ன சைஸ் சார்?"

டிரைவர்தான் சொன்னான்.

"ஒன்பது, அக்கா."