வாப்பாவின் மூக்குக்குப் போட்ட விலை

எங்க வாப்பாவின் மூக்குக்கு விலை ஐயாயிரம் திர்ஹாம். நான் போட்ட விலை இல்லை, இன்ஷூரன்ஸ் கம்பெனி போட்டது. நானாக இருந்தால் ஐம்பதாயிரத்தில் ஆரம்பித்து, நடுவில் இரண்டு தடவை கோபித்துக்கொண்டு செருப்பை மாட்டி, நாற்பதில் வந்து முடித்திருப்பேன்.

வாப்பா மஹ்மூதுக்கு துபாய் தேராவில் ஊது வியாபாரம். ஊது என்றால் அகில் கட்டை. ஒரு துண்டைத் தணலில் போட்டுக் கண்ணை மூடினால், அது அஸ்ஸாம் கட்டையா, கம்போடியாக் கட்டையா, இல்லை எவனாவது எண்ணெயில் ஊறப்போட்ட விறகா என்று சொல்லிவிடுவார். போன வருடம் டெலிவரி வேன் ஒன்று பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்ததில், கடை ஷட்டரில் தலை மோதி விழுந்தார். கழுத்து ஒரு மாதத்தில் சரியாகிவிட்டது. மணம் பிடிக்கிற சக்தி மட்டும் போனது போனதுதான்.

கடைவீதியில் ஒருத்தருக்கும் இது தெரியாது. வாப்பா இப்போதும் புகையை முகத்துக்கு நேரே பிடித்துக் கண்ணை மூடுவார். பக்கத்தில் நிற்கிற நான்தான் மோப்பம். கட்டை நல்லதென்றால் பேசாமல் கண்ணாடியைத் துடைப்பேன். மட்டமென்றால், "வாப்பா, டீ சொல்லவா?" என்பேன். டீ என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் முகத்தைச் சுளிப்பார். வந்தவனும் அசந்துபோய் விலையைக் குறைப்பான்.

இப்படிப்பட்ட மூக்குக்கு ஐயாயிரம்! வீட்டுக்கு வந்து வாப்பாவிடம் விசாரித்துவிட்டுத் தொகை போட்ட அந்த க்ளெய்ம் சர்வேயரை நான் பார்த்ததில்லை. அன்று கடையில் இருந்தேன். பார்க்காமலே மாதக்கணக்கில் திட்டித் தீர்த்தேன். திட்டி அலுத்தபிறகுதான் தோன்றியது, மேசைக்கு அந்தப் பக்கம் நம்ம ஆள் ஒருத்தர் உட்கார வேண்டும். நானே சர்வேயராகி உட்கார்ந்தால் என்ன?

"மாப்பிள்ளை பாத்துட்டிருக்கோம், நீ நசுங்கின காரைப் பாக்கப் போறியா?" என்றார் உம்மா.

"மாப்பிள்ளையும் ஏதாவது சேதத்தோடதான் உம்மா வருவார். மதிப்புப் போடத் தெரிஞ்சிருக்கட்டும்."

வாப்பா சிரிக்கவில்லை. அந்த ஐயாயிரத்தை அப்படியே எடுத்து என் கையில் வைத்தார். "அஃப்னா, இது ஒரு தடவைதான் செலவாகும். சர்வேயர் வேலை சொல்லித்தர்ற உருப்படியான பள்ளிக்கூடம் ஒண்ணு பாத்து ஃபீஸ் கட்டு. ஏமாந்தா திரும்ப இடிக்க இன்னொரு வேன் வராது."

முதலில் போனது ஷேக் சாயித் ரோட்டில், காது அடைக்கிற உயரத்தில் இருந்த ஒரு பயிற்சி நிலையம். ஷ்யாம் என்று ஒரு கோயம்புத்தூர்ப் பையன், டை கட்டி, வாய் நிறையப் பல்லாக வந்தான். ஐந்தே நாள் வகுப்பாம். தங்க முத்திரை போட்ட சர்டிஃபிகேட்டாம். கறுப்பு அங்கி மாட்டி போட்டோவும் உண்டாம்.

"ஒன்பதாயிரமுங்க மேடம். உங்களுக்காக ஏழு."

நான் பெருமூச்சு விட்டேன். ஆறரை என்றான். கைப்பையின் ஜிப்பை மூடினேன். ஆறு என்றான். ஜன்னல் பக்கம் திரும்பி, "அல் குசைஸ்ல ஒண்ணு இருக்காமே?" என்றேன். ஐந்து. டீ வந்தது, நான் தொடவில்லை. நாலரை. எழுந்தேன். கடைசியில் மூவாயிரத்து இருநூறு, கூடவே தோளில் மாட்டுகிற பை ஒன்று இலவசம். ஐநூறு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு லிஃப்டில் இறங்கும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

கடையில் வந்து விலையைச் சொன்னேன். வாப்பா தராசைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"சரக்கை மோந்து பாத்தியா?"

"அது பள்ளிக்கூடம் வாப்பா."

"அதனால? ஒன்பதுல இருந்து மூணுக்கு இறங்குதுன்னா, ஒண்ணு அவன் பைத்தியக்காரனா இருக்கணும், இல்ல உள்ள கட்டையே இல்லாம இருக்கணும். பேரத்துல ஜெயிச்ச பெருமையில நீ துண்டைக் கொளுத்தவே இல்ல."

மூக்கு இல்லாத மனிதர் கேட்டாரே என்று எனக்கு முகம் சுருங்கிவிட்டது. எங்க பரம்பரைக்கே உள்ள வியாதி இது. எதிராளி விலையை விட்டுக்கொடுத்தால் போதும், என்ன வாங்குகிறோம் என்பதே மறந்துபோகும்.

சரி, கொளுத்திப் பார்த்துவிடலாம் என்று மறுநாள் திரும்பப் போனேன். ஊதில் முதல் புகையை நம்பக்கூடாது. மேலே தடவிய அத்தர்தான் முதலில் மணக்கும். அது எரிந்து தீர்ந்தபிறகு வருவதுதான் கட்டை. ஷ்யாமிடம் பேர் சொல்லாமல் வாப்பாவின் கதையைச் சொன்னேன். "வாசனை வியாபாரி ஒருத்தர், விபத்துல மணம் தெரியாமப் போச்சு. நீங்க சர்வேயரா இருந்தா எவ்வளவு போடுவீங்க?"

ஷ்யாம் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "எவ்வளவு வேணும்னு சொல்லுங்க மேடம், போட்டுடலாமுங்க."

"அட்வான்ஸைத் திருப்பிக் குடுங்க."

"அது மட்டும் மாஃபி, கிடையாதுங்க மேடம்."

அங்கிருந்து நேராக அல் குசைஸ். கார் வொர்க்ஷாப்புக்கு மேலே இரண்டு அறை. மேசைமேல் பூச்செண்டுக்குப் பதிலாக ஒரு உடைந்த பம்பர். நடத்துகிற சுஷ்மிதாவுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். சர்வேயராக வேலை பார்த்துவிட்டு, ஒரு தொகையைக் கூட்டச் சொன்ன முதலாளியோடு சண்டை போட்டு வந்தவர் என்று கீழே டீக்கடையில் சொன்னார்கள்.

"ஆறு மாசம். ஐயாயிரத்து ஐநூறு."

பெருமூச்சு விட்டேன். அவர் பம்பர்மேல் இருந்த தூசியைத் தட்டினார். ஜிப்பை மூடினேன். அவர் போனைப் பார்த்தார். எழுந்தேன். "கதவைச் சாத்திட்டுப் போங்க, ஏசி போயிடும்" என்றார்.

மறுபடி உட்கார்ந்து அதே கதையைச் சொன்னேன். "எவ்வளவு போடுவீங்க?"

"எதுக்குத் தொகை? சர்வேயர் அவர்கிட்ட என்ன கேட்டார்?"

"தெரியாது."

"அவர் என்ன சொன்னார்?"

"தெரியாது."

"ரெண்டும் தெரியாம எப்படிம்மா விலை போடுறது? ஆள் உயிரோட இருக்காரா? போன் போடுங்க."

ஸ்பீக்கரில் போட்டேன். "வாப்பா, அன்னிக்கு வந்த ஆளு உங்க மூக்கைப் பத்திக் கேட்டாரா?"

அந்தப் பக்கம் தராசுத் தட்டு கிணுகிணுக்கும் சத்தம் நின்றது. "கேட்டான்."

"நீங்க?"

"அருமையா இருக்குன்னேன்." குரல் இறங்கியது. "பின்ன என்ன சொல்லச் சொல்றே? மூக்கு செத்துப்போச்சுன்னு நான் ஒரு காகிதத்துல எழுதிக் குடுத்தா, மறுநாள் கடைவீதி பூரா தெரியும். எவன் வருவான் நம்ம கடைக்கு? அவன் கழுத்துக்குக் குடுத்தான், வாங்கிக்கிட்டேன்."

ஆக, ஐயாயிரம் கழுத்தின் விலை. மூக்குக்கு யாரும் விலையே போடவில்லை. மூக்கின் சொந்தக்காரரே அதைத் தராசில் வைக்கவில்லை. முகம் தெரியாத அந்த சர்வேயருக்கு நான் அனுப்பிவைத்த சாபமெல்லாம் என் காதுக்கே திரும்பி வந்தது.

"அந்த ஆள் மேல தப்பில்ல, இல்ல?" என்றேன்.

"பாதி இருக்கு," என்றார் சுஷ்மிதா. "வாசனை வியாபாரிகிட்ட மூக்கு நல்லா இருக்கான்னு வாயால கேட்டா வேற என்ன பதில் வரும்? தலையில அடிபட்டவர். ரெண்டு துண்டைக் கொளுத்தி, எது உசத்தின்னு கேட்டிருக்கணும். அதுக்குத்தான் ஆறு மாசம்."

நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன். துண்டு எரிந்து, கட்டை மணந்துவிட்டது.

"இப்ப திரும்பக் கேக்க முடியுமா?"

"க்ளெய்ம் முழுசா முடிஞ்சதுன்னு கையெழுத்துப் போட்டாரா?"

"போட்டார்."

"அப்ப கலாஸ், முடிஞ்சுபோச்சு. வகுப்பு சாயங்காலம் ஏழு மணிக்கு."

சாயங்காலம் ஏழு! கடையில் கூட்டம் சேர்கிற நேரமே அதுதான். நான் இங்கே இருந்தால் அங்கே டீ சொல்வது யார்?

அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஐநூறு. அடுத்த நாள் ஷ்யாமின் வரவேற்பறையில், அவன் தந்த பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விசாரிக்க வந்த ஒவ்வொருவரிடமும் அன்பாகச் சொன்னேன். "ஒன்பதாயிரம்னு சொல்வாங்க. எனக்கு மூவாயிரத்து இருநூறுக்குத் தந்தாங்க. பேசிப் பாருங்க, இன்னும் இறங்கும்." மூன்றாவது ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது ஷ்யாம் கவரோடு ஓடி வந்தான்.

"மேடம், உங்க ஐநூறு. தயவுசெஞ்சு யல்லாங்க, கிளம்புங்க."

இரவுச் சாப்பாட்டின்போது வாப்பாவிடம் வகுப்பு நேரத்தைச் சொன்னேன். வேறு நேரம் கேட்டுப் பார்க்கச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டே இருந்தார்.

"நீ போ. நான் சொல்லிடறேன்."

"யார்கிட்ட?"

"எல்லார்கிட்டயும்தான். உன்னை அங்க உக்காரச் சொல்லிட்டு இங்க மறைச்சிட்டிருந்தா, நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நீ அடுத்தவனைக் கேள்வி கேப்பே?"

முதல் வகுப்பன்று நான் கிளம்புகிற நேரத்தில் பழைய வாடிக்கையான அரபுப் பெரியம்மா வந்தார். வாப்பா தணலில் துண்டைப் போட்டு, சட்டியை அவர் பக்கம் தள்ளினார். "எனக்கு இப்ப மணம் தெரியறதில்ல. நீங்களே பாத்துச் சொல்லுங்க."

பெரியம்மா குலுங்கிச் சிரித்தார். "மஹ்மூது, இத்தனை வருஷத்துல இந்த வித்தையை இப்பத்தான் பாக்குறேன்!" தந்திரம் என்றே நினைத்து, வழக்கமாகப் பேசுகிற பேரத்தைக்கூடப் பேசாமல் வாங்கிப் போனார். ஆனால் மொத்த வியாபாரிகள் இரண்டு பேர் அவரைப்போல் சிரிக்கவில்லை. அந்த வாரமே எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். வாப்பா அவர்களுக்கும் சலாம் சொன்னார்.

சுஷ்மிதாவிடம் ஐயாயிரத்தை எண்ணி வைத்தேன்.

"இங்க பேரம் இல்லைன்னு தெரியும். கடன் உண்டா?"

அவர் முதல்முறையாகச் சிரித்தார். "மாசக் கடைசிவரைக்கும்."

இதுவரைக்கும் கணக்கு இதுதான். வாப்பாவின் கழுத்து, வரவு ஐயாயிரம். பள்ளிக்கூடம், செலவு ஐயாயிரத்து ஐநூறு. சுஷ்மிதாவுக்கு நான் தர வேண்டியது ஐநூறு. தோள்பை ஒன்று இலவசம், ஷ்யாம் திருப்பிக் கேட்கவில்லை. போன வாடிக்கை இரண்டு. வாப்பாவின் மூக்கு, விலை போடவில்லை, வரவும் இல்லை. பாக்கி.