கழிக்காத ஈரம்

கடைசித் தேயிலைக் கொழுந்தும் நிறுத்து முடிந்ததும், சனிக்கிழமைகளில் நாகலெட்சுமி தன் தம்பியைக் கூடையில் வைத்து, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குக் கொண்டுவருவாள். வட்டவளைத் தோட்டத்தில் மழை தொடங்கியிருந்தது. லயத்து வீட்டிலிருந்து வரும் வழியில் பிள்ளை நனையாதிருக்கக் கூடையைச் சுற்றி அம்மாவின் பழைய கம்பளியை இறுக்கிக் கட்டியிருப்பாள்.

"பெரிய கொழுந்து வந்திருச்சு," என்று கணக்கப்பிள்ளை கணேசமூர்த்தி கூடையைத் தராசுக் கொக்கியில் மாட்டுவார். "கூடைக்குக் கழிச்சிட்டேன்மா."

"ஈரத்துக்குக் கழிக்கலையா?" என்பாள் கொழுந்தெடுக்கும் பேச்சியம்மா. "எங்க கொழுந்துல மட்டும் ஆத்தையே கழிக்கிறீங்க."

"பச்சப்புள்ளையில போய்க் கழிப்பாங்களா?"

எல்லோரும் சிரிப்பார்கள்.

தம்பி அழகுமுத்து சரியாகப் பால் குடிப்பதில்லை. தேறுகிறானா, இல்லையா என்பதே வீட்டின் கவலை. எட்டாம் வகுப்பில் படித்த நாகலெட்சுமி அதற்கு வழி கண்டுபிடித்திருந்தாள். கட்டத்தாளில் குறுக்கே வாரங்கள், மேல்நோக்கி எடை. ஒரு வாரம் நகர்ந்தால் கோடு எவ்வளவு ஏறுகிறதோ அதுதான் படித்திறன். அந்த ஏற்றம் மாறாதிருந்தால் புள்ளிகள் நேர்கோட்டில் நிற்கும். கோட்டை நீட்டினால் வரப்போகும் எடையும் தெரியும். தம்பியின் புள்ளிகள் அடிமட்டத்தை வைத்தாற்போல் வரிசையாக ஏறின.

"கையும் காலும் குச்சியா இருக்கேடி," என்றாள் அம்மா வீரம்மா. "நாளைக்கு வேலைக்குப் போகாம ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவமா?"

"ஏறிக்கிட்டுத்தானேம்மா இருக்கான். கோட்டைப் பாரு. இப்படியே போனா தீபாவளிக்கு உன்னால அவனைத் தூக்கவே முடியாது."

எழுத்தறியாத வீரம்மா கோட்டின் மேல் விரலை வைத்து உச்சிவரை ஓட்டினாள். மறுநாள் கொழுந்தெடுக்கப் போய்விட்டாள்.

அழகுமுத்து பாலை அறவே மறுத்த பிறகுதான் டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நர்ஸம்மா துணிகளை எல்லாம் கழற்றிவிட்டு நிறுத்தார். முள் நின்ற இடம் நாகலெட்சுமியின் முதல் புள்ளிக்கும் கீழே இருந்தது.

அவன் வீட்டுக்குத் திரும்பவில்லை.

அடுத்த சனிக்கிழமையும் மழை. நாகலெட்சுமி வெறுங்கூடையைச் சுற்றி அதே கம்பளியைக் கட்டிக்கொண்டு மடுவத்துக்கு வந்தாள். கணேசமூர்த்தி அதை வாங்கிக் கொக்கியில் மாட்டினார். கூடைக்குக் கழித்த பின்னும் முள் பூச்சியத்துக்கு இறங்கவில்லை.

முதல் புள்ளி வைத்தபோது வெயில். பிறகு வாரத்துக்கு வாரம் மழை கூடியது, கம்பளியும் கூடக் கூடத் தண்ணீர் குடித்தது. உள்ளே பிள்ளை இளைத்துக்கொண்டே வந்திருக்கிறான். ஏறியது மழை.

"நான்தாம்மா கழிச்சிருக்கணும்," என்றார் கணேசமூர்த்தி, முள்ளைப் பார்த்தபடியே.

மலையிலிருந்து இறங்கிவந்த வீரம்மாவின் காதில் அது விழவில்லை. கூடையிலிருந்து கம்பளியை அவிழ்த்தாள்.

"நல்லா ஏறிக்கிட்டுத்தானே இருந்தான், நீதான் காட்டினியே," என்றாள் மகளிடம். "யாரு கண்ணு பட்டுச்சோ."

நாகலெட்சுமி கம்பளியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் ஆளுக்கொரு பக்கமாக முறுக்கினார்கள். தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது.