ஒப்பிட வைத்த நட்சத்திரம்

கூட்டம் தொடங்கச் சற்று நேரமே இருக்கும்போதுதான் அவளுக்குப் பகீரென்றது.

விவகாரம் எக்ஸ்-கதிர் கக்கும் ஒரு ஜோடி நட்சத்திரம். ஒன்று கண்ணுக்குத் தெரியும். மற்றது தெரியாது; கூடவே சுற்றிக்கொண்டு தெரிகிறதை உறிஞ்சுவதுதான் அதற்கு வேலை. தெரிகிறதன் வெளிச்சம் ஏறி இறங்குவதை வைத்து, தெரியாதது கருந்துளையேதான் என்று அடித்துச் சொல்லியிருந்தார் அவள் வீட்டுக்காரர். ஆய்வகமே அவரைத் 'துளைக்காரர்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. அளந்ததெல்லாம் அவள். மேடையில் மட்டும் "நான் அளந்தேன்" என்பார். போகட்டும், வீட்டுக்குள்தானே என்று அவளும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். இப்போதோ அவளுடைய தற்காலிக வேலையை நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று இயக்குநர் யோசித்துக்கொண்டிருந்தார். "இவங்க தனியா என்னதான் செஞ்சாங்க?" என்று வேறு கேட்டாராம்.

வெளிச்சத்தை அளப்பது மந்திரமில்லை. பக்கத்தில் மாறாத நட்சத்திரம் ஒன்றைப் பிடித்து, அதோடு ஒப்பிட வேண்டும். அவள் அவசரத்தில் பிடித்த அந்த நட்சத்திர உத்தமர்தான் இப்போது மாட்டிக்கொண்டார். மற்ற நட்சத்திரங்களோடு ஒப்பிட்டால் ஜோடி தேமேயென்று இருக்கிறது. ஏறி இறங்குவதெல்லாம் இவர்தான்.

"என்னங்க, நாம ஒப்பிட வச்சதே ஆடுது," என்று திரையைக் காட்டினாள்.

பார்த்தார். "போச்சு, எல்லாம் போச்சு," என்றார். பிறகு, "நான் பாத்துக்கறேன். நீ வாயத் திறக்காதே." அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அரங்கின் முன்வரிசையில் இயக்குநர் இருந்தார். வீட்டுக்காரர் மேடையேறி நேராக விஷயத்துக்கு வந்தார். "கருந்துளைன்னு சொன்னத வாபஸ் வாங்கறேன். ஒப்பிட நான் எடுத்த நட்சத்திரம் தப்பு. நான் அளந்தது தப்பு."

யாரோ இருமினார்கள். அவள் வேலையைக் காப்பாற்றத்தான் சொல்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. அன்பு பொங்கிக்கொண்டு வந்தது. ஆத்திரமும் வந்தது. ஆத்திரம்தான் முதலில் எழுந்து நின்றது.

"பொய்! அத எடுத்தது நான். அளந்தது நான். இத்தனை வருஷமா சரியா வந்ததையெல்லாம் அளந்ததும் நான்தான். இந்தத் தப்பக் கண்டுபிடிச்சதும் நான்."

"உக்காரும்மா," என்று கெஞ்சினார் அவர், ஒலிபெருக்கியிலேயே.

"நீங்க உக்காருங்க."

மேடையில் நாற்காலி இல்லை. அவர் இறங்கி வந்து, அவள் எழுந்த இடத்தில் உட்கார்ந்தார். அவள் மேலே போனாள். மைக் அவர் உயரத்துக்கு நின்றிருந்தது. தன் வாய்க்கு நேராக அதை இறக்கிவைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள்.